மும்பையில் கட்டட அனுமதி: ‘ஏற்க இயலாது’ என்ற கடிதத்தில் தொடங்கி ‘ஓசி’ வரை

மும்பை: தெற்கு மும்பையின் தார்தேவ் பகுதியில் உள்ள 34 மாடிக் கட்டடம் ஒன்றில், 17-ஆவது மாடி முதல் 34-ஆவது மாடி வரை வசிப்பவர்கள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்துவிட்டது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்லர். விலை கொடுத்து வாங்கியவர்கள். ஆயினும், கட்டடத்தின் 16 மாடிகளுக்கு மட்டுமே குடியேறுவதற்கான சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் உள்ள 18 மாடிகளுக்கு அது இல்லை. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் இல்லை.

நாட்டின் மிக விலை உயர்ந்த வீட்டுச் சந்தையில், எல்லோர் கண்ணெதிரே, 18 மாடிகள் எப்படி உயர்ந்தன, அவற்றில் குடும்பங்கள் எப்படிக் குடியேறின என்ற கேள்வி எழுவது இயல்பு. விடை மும்பையின் கட்டட அனுமதி முறையிலேயே இருக்கிறது. இந்நகரில் ‘கட்டட அனுமதி’ என்பது ஒற்றைக் காகிதம் அன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் மூன்று காகிதங்களின் தொடர் அது. ஒவ்வொன்றும் ஒரு கதவை மட்டுமே திறக்கும். இரண்டாவது காகிதத்தைக் காட்டி வீட்டை விற்றுவிடலாம். மூன்றாவது இல்லாமல் சட்டப்படி அதில் வசிக்க முடியாது. இந்த இடைவெளியில்தான் வீடு வாங்குவோர் சிக்கிக்கொள்கின்றனர்.

விண்ணப்பம் யாரிடம் செல்கிறது?

பெரும்பாலான மனைகளுக்கு அனுமதி வழங்கும் அமைப்பு பிருஹன் மும்பை மாநகராட்சி. அதன் கட்டடத் திட்டப் பிரிவு புதிய கட்டடங்களுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறது. ஆனால் நகரம் முழுவதும் மாநகராட்சியின் கையில் இல்லை. குடிசைப் பகுதி மறுசீரமைப்புத் திட்டங்களுக்குக் குடிசை மறுவாழ்வு ஆணையமும், வீட்டு வசதி வாரியமான மாடாவின் குடியிருப்புத் தொகுதிகளுக்கு 2018 முதல் மாடாவும், பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையமும் திட்டமிடல் அதிகாரம் பெற்றுள்ளன. ஒரே சாலையின் இரு புறங்களிலும் உள்ள கட்டடங்களுக்கு வெவ்வேறு அலுவலகங்கள் அனுமதி வழங்கியிருக்கக்கூடும். சான்றிதழைச் சரிபார்க்க விரும்புவோர், அதை வழங்கியது எந்த அமைப்பு என்பதை முதலில் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மனை உரிமையாளர் நேரடியாக வரைபடத்தை அளித்து அனுமதி பெற்றுவிட முடியாது. கட்டடக் கலைஞர் அல்லது உரிமம் பெற்ற சர்வேயர் வழியாகவே விண்ணப்பம் செல்ல வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரும் தனியே பொறுப்பேற்க வேண்டும். விண்ணப்பம் இப்போது இணையவழியில் பெறப்படுகிறது. வரைபடத்தின் அளவுகளை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ‘ஆட்டோ டிசிஆர்’ என்ற மென்பொருள் பயன்படுகிறது. மென்பொருள் அறைகளின் அளவையும் பக்க இடைவெளிகளையும் கணக்கிடும். மனையின் உரிமை யாருடையது, முன்னால் உள்ள சாலை உண்மையில் எத்தனை மீட்டர் அகலம் என்பவற்றைக் காகிதங்களும் நேரடி ஆய்வுமே உறுதிப்படுத்த முடியும்.

அந்தக் காகிதங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, நகர நில அளவைத் துறை வழங்கும் சொத்து அட்டை. இரண்டாவது, வளர்ச்சித் திட்டக் குறிப்பு. மும்பைக்கு 2034-ஆம் ஆண்டு வரையிலான வளர்ச்சித் திட்டமும், அதற்கான வளர்ச்சிக் கட்டுப்பாடு மற்றும் ஊக்குவிப்பு விதிகளும் 2018-இல் நடைமுறைக்கு வந்தன. ஒரு மனை குடியிருப்பு மண்டலத்தில் உள்ளதா, அதன் ஒரு பகுதி பூங்காவுக்கோ பள்ளிக்கோ ஒதுக்கப்பட்டுள்ளதா, சாலை விரிவாக்கத்துக்காக எவ்வளவு நிலம் விட வேண்டும் என்பதையெல்லாம் இந்தக் குறிப்பு சொல்லும். மனை வாங்குவோர் கிரயப் பத்திரத்தைப் பல முறை படிக்கின்றனர். இந்தக் குறிப்பைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை வீட்டு மனை என்று நம்பி வாங்கியவருக்கு, எந்தக் கட்டடக் கலைஞரும் பின்னர் உதவ முடியாது.

அனுமதி கேட்டவருக்கு வரும் ‘மறுப்பு’

முதல் காகிதத்தின் பெயரே வியப்பளிப்பது. மும்பையில் கட்டட வரைபடத்தை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது என்பதற்கு அடையாளமாக வழங்கப்படும் ஆவணம் ‘ஐஓடி’ எனப்படுகிறது. அதன் விரிவைத் தமிழில் பெயர்த்தால் ‘ஏற்பின்மை அறிவிப்பு’ என்றே வரும். அதாவது, விண்ணப்பதாரர் மகிழ்ச்சியுடன் எடுத்துச் செல்லும் கடிதத்தின் தலைப்பு, ‘உமது திட்டத்தை ஏற்கவில்லை’ என்று கூறுகிறது. மொழிபெயர்ப்பவர் எவரும் முதல் பார்வையில் இதை எழுத்துப் பிழை என்றே எண்ணுவார். அது பிழை அன்று. 1888-ஆம் ஆண்டின் சட்டம் விட்டுச் சென்ற தடம்.

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-இல் இயற்றப்பட்டது. தன் நிலத்தில் வீடு கட்ட விரும்புபவர் மாநகராட்சியிடம் அனுமதி கோர வேண்டும் என்று அது கூறவில்லை. கட்டப் போகும் எண்ணத்தை ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்றே அதன் 337-ஆவது பிரிவு கூறுகிறது. அறிவிப்பு கிடைத்து 30 நாள்களுக்குள் ஆணையர் எழுத்து வழியாக மறுப்புத் தெரிவிக்காவிட்டால், உரிமையாளர் பணியைத் தொடங்கலாம் என்பது 345-ஆவது பிரிவின் ஏற்பாடு. மாநகராட்சியின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். ஆகவே, ஒரு கட்டடத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் மாநகராட்சி வாய் திறந்தாக வேண்டும். சட்டம் அதற்கு அளித்துள்ள சொல் ‘மறுப்பு’ மட்டுமே. எந்தக் காரணங்களுக்காக ஏற்கவில்லை என்பதைக் குறிப்பிட்டு 346-ஆவது பிரிவின்கீழ் கடிதம் அனுப்பப்படும். அந்தக் காரணங்கள் நீங்கினால் மறுப்பும் நீங்கிவிடும்.

நடைமுறையில் அந்தக் காரணங்களே நிபந்தனைகளாகிவிட்டன. பழைய ஐஓடி படிவங்களின் நடை இதைத் தெளிவாகக் காட்டும். ‘சாலை விரிவாக்கக் கோட்டுக்கு வெளியே சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும்’ என்று அவை கூறுவதில்லை. சுற்றுச்சுவர் எழுப்பப்படவில்லை என்பதைக் குறையாகப் பதிவு செய்கின்றன. தாழ்வான மனை மண் நிரப்பி உயர்த்தப்படவில்லை, தொழிலாளர்களுக்கான காப்பீடு எடுக்கப்படவில்லை, கட்டமைப்புப் பொறியாளர் நியமிக்கப்படவில்லை என்று வரிசையாக ‘இல்லை’கள் தொடரும். ஒவ்வோர் இல்லையையும் உண்டு ஆக்குவதே கட்டுநரின் வேலை. இவற்றுள் சில பணி தொடங்குமுன் நிறைவேற்ற வேண்டியவை, சில அடித்தளத்துக்கு மேல் எழுப்புமுன் நிறைவேற்ற வேண்டியவை, எஞ்சியவை குடியேறுமுன் நிறைவேற்ற வேண்டியவை எனப் பிரிக்கப்பட்டிருக்கும்.

குடிசை மறுவாழ்வு ஆணையம் இந்தச் சுற்றுவழியைப் பின்பற்றவில்லை. அது வழங்கும் இணையான ஆவணத்துக்கு ‘ஏற்பு அறிவிப்பு’ என்றே பெயர். பிற்காலத்தில் உருவான அமைப்பு என்பதால் நேரடியாகப் பேச முடிந்திருக்கிறது.

ஐஓடி கையில் இருந்தாலும் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது என்பதே இங்கு நினைவில் கொள்ள வேண்டியது. ‘எங்களுக்கு ஐஓடி கிடைத்துவிட்டது’ என்ற அறிவிப்போடு விளம்பரம் செய்யும் கட்டுநர், வரைபடம் கொள்கை அளவில் பார்க்கப்பட்டுவிட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

எவ்வளவு கட்டலாம்?

அனுமதிக்கப்படும் பரப்பை முடிவு செய்வது தளப்பரப்புக் குறியீடு. நாடெங்கும் ‘எஃப்எஸ்ஐ’ என்ற பெயரிலேயே அறியப்படுவது. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதே அதன் பொருள். மும்பையின் தீவு நகரப் பகுதியில் குடியிருப்புகளுக்கான அடிப்படை அளவு 1.33, புறநகர்ப் பகுதிகளில் 1. இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 34 மாடிக் கட்டடங்கள் எங்கிருந்து வந்தன என்று தோன்றும். முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்து, கூடுதல் பரப்பை அரசுக்கும் மாநகராட்சிக்கும் கட்டணம் செலுத்திப் பெறலாம். பொதுப் பயன்பாட்டுக்கு நிலம் அளித்த வேறொருவர் பெற்ற மாற்றத்தக்க வளர்ச்சி உரிமையை விலைக்கு வாங்கியும் சேர்க்கலாம். பால்கனி, அலமாரி இடம் முதலியவற்றை ஈடுகட்ட 35 சதவீதம் வரை தனியே ஒரு பரப்பும் உண்டு. பழைய வாடகைக் கட்டடங்களின் மறுசீரமைப்புக்கு வேறு கணக்கு.

ஆகவே மும்பையில் ஒரு மாடி என்பது கம்பியும் சிமென்டும் மட்டுமன்று. செலுத்தப்பட்ட கட்டணமும் ஆகும். கட்டுநர்கள் இந்தக் கட்டணங்களை ஒரே நேரத்தில் செலுத்துவதில்லை. விற்பனை நடக்க நடக்கச் செலுத்தி, மாடி மாடியாக அனுமதியை நீட்டித்துக்கொள்கின்றனர். கட்டடத்தின் கீழ்ப்பகுதிக்கு அனுமதி உண்டு, மேல்பகுதிக்கு இல்லை என்ற நிலை உருவாகும் வழிகளில் இதுவும் ஒன்று.

பரப்பைத் தவிர உயரத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. சாந்தாகுரூஸ், ஜூஹு ஆகிய இரு விமான நிலையங்களைச் சுற்றிய பகுதிகளில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் உயர வரம்பு பொருந்தும். கடலோர மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். மரம் வெட்ட நேர்ந்தால் 1975-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர ஆணையத்தின் ஒப்புதல் தேவை. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் முன் அனுமதியும் வேண்டும்.

அடித்தளத்தில் ஒரு நிறுத்தம்

இரண்டாவது காகிதம் பணி தொடக்கச் சான்றிதழ். மும்பையின் பேச்சு வழக்கில் ‘சிசி’. இது 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவதன்று. மகாராஷ்டிர மண்டல மற்றும் நகரத் திட்டமிடல் சட்டம், 1966-இன் 44, 45-ஆவது பிரிவுகளின்கீழ் வழங்கப்படுவது. ஒரே கட்டடத்துக்கு இரு சட்டங்களின்கீழ் இரு ஆவணங்கள் தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே. பழைய சட்டம் சுவரையும் சாக்கடையையும் பார்க்கிறது. புதிய சட்டம் நிலம் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பார்க்கிறது.

பணி தொடக்கச் சான்றிதழ் முதலில் ‘பிளிந்த்’ வரை, அதாவது தரைமட்ட அடித்தளம் வரை மட்டுமே வழங்கப்படும். அதைக் கட்டி முடித்ததும் பணியை நிறுத்தி மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அளவுகள் சரிபார்க்கப்பட்ட பின்னரே மேலே எழுப்புவதற்கான சான்றிதழ் கிடைக்கும். பக்கத்து மனைக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி குறைந்திருந்தால் இந்த நிலையில் கண்டுபிடித்துவிடலாம், திருத்தவும் முடியும். பத்தாவது மாடியில் கண்டுபிடித்தால் இடிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. அந்த இடைவெளி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமானதன்று. தீயணைப்பு வாகனம் கட்டடத்தைச் சுற்றி வரும் பாதையும் அதுதான்.

சான்றிதழின் ஆயுள் ஓராண்டு. ஆண்டுதோறும் புதுப்பித்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். அதற்குள் பணி தொடங்காவிட்டால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வீடு வாங்குபவர் சிசியைக் கேட்டுப் பெறும்போது, அதன் கடைசி வரிகளைப் படிப்பது அவசியம். ‘இத்தனையாவது மாடி வரை’ என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும். 22-ஆவது மாடியில் வீடு வாங்குபவரிடம் 12-ஆவது மாடி வரையிலான சிசியைக் காட்டினால், அவர் வாங்கும் வீட்டுக்கு அன்றைய நிலையில் அனுமதி இல்லை என்றே பொருள்.

‘ஓசி’ என்ற விலை உயர்ந்த சொல்

மூன்றாவது காகிதம் குடியேறுவதற்கான சான்றிதழ். மும்பையில் எல்லோரும் அதை ‘ஓசி’ என்கின்றனர். தமிழ் வாசகருக்கு இந்தச் சொல் விலையில்லாமல் கிடைப்பதையே நினைவூட்டும். மும்பை வீட்டுச் சந்தையிலோ இதைவிட மதிப்பு மிக்க காகிதம் இல்லை. மாநகராட்சிச் சட்டத்தின் 353-ஏ பிரிவு இதற்கு அடிப்படை. கட்டடம் முடிந்ததும் உரிமையாளரும் பொறுப்பேற்ற தொழில்முறை வல்லுநர்களும் நிறைவு அறிவிப்பு அளிக்க வேண்டும். தீத்தடுப்பு ஏற்பாடு, மின்தூக்கி, கழிவுநீர் இணைப்பு, சாலைக்காக விடப்பட்ட நிலம் ஆகியவற்றுக்கான சான்றுகள் சேர்க்கப்பட வேண்டும். ஏற்கப்பட்ட வரைபடமும் எழுந்து நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா என்று பார்த்த பின்னரே சான்றிதழ் வழங்கப்படும். போதுமான குடிநீர் உண்டு என்பதற்கு 270-ஏ பிரிவின்கீழ் தனிச் சான்று தேவை. கட்டடத்தின் முடிந்த பகுதிக்கு மட்டும் பகுதி ஓசி வழங்கவும் இடமுண்டு. தார்தேவ் கட்டடம் இத்தகைய பகுதிச் சான்றோடு நின்றுபோனது.

ஓசி இல்லாத வீட்டில் வசிப்பதன் விலை முதலில் மாதாந்திர ரசீதுகளில் தெரியும். சம்ருத்தி என்ற கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தின் வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. அதன் உறுப்பினர்கள் 1993-இல் வீடுகளுக்கு ஒப்பந்தம் செய்து 1997-இல் குடியேறினர். ஓசியைப் பெற்றுத் தர வேண்டிய கட்டுநர் அதைப் பெறவில்லை. விளைவாக அவர்கள் 25 சதவீதம் கூடுதலாகச் சொத்து வரியும், 50 சதவீதம் கூடுதலாகத் தண்ணீர்க் கட்டணமும் செலுத்தி வந்தனர். கால வரம்பு கடந்துவிட்டது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 11 அன்று அதை ஏற்கவில்லை. ஓசி பெற்றுத் தராதது சேவைக் குறைபாடு என்றும், அது பெறப்படும் வரை ஒவ்வொரு நாளும் தொடரும் தவறு என்றும் தீர்ப்பளித்தது. குடியேறிய நாளிலிருந்து கணக்கிட்டால், இந்தத் தீர்ப்புக்கு அவர்கள் 25 ஆண்டுகள் காத்திருந்திருக்கின்றனர்.

பொறுப்பு கட்டுநருக்கு மட்டும் உரியது என்று வாங்குவோர் எண்ணுவது வழக்கம். மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டம், 1963 அப்படிக் கூறவில்லை. நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் கட்டுநர் வீட்டை ஒப்படைக்கக் கூடாது என்று கூறும் அதே விதி, எவரும் அந்த வீட்டைப் பெற்றுக்கொள்ளவும் கூடாது என்கிறது. வாடகையும் வங்கித் தவணையும் ஒருசேரக் கட்டும் குடும்பத்திடம், ‘உள் அலங்கார வேலைக்காகச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், ஓசி அடுத்த மாதம் வந்துவிடும்’ என்று கூறப்படும்போது, மறுக்கும் நிலையில் பலர் இருப்பதில்லை. சட்டம் இந்த நெருக்கடியைக் கணக்கில் கொள்வதில்லை.

கேம்பா கோலா வளாகம் சொல்லும் கணக்கு

இதன் உச்சகட்ட விளைவை மும்பை வோர்லியில் உள்ள கேம்பா கோலா வளாகத்தில் கண்டது. குளிர்பான நிறுவனம் ஒன்றுக்கு மாநகராட்சி குத்தகைக்கு அளித்த நிலத்தில் 1980-களில் ஏழு குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்தன. அனுமதி ஐந்து மாடிகளுக்கு மட்டுமே. ஒரு கட்டடம் 17 மாடிகளும் மற்றொன்று 20 மாடிகளும் கொண்டதாக உயர்ந்தது. இடையில், 1984-இல், பணியை நிறுத்துமாறு மாநகராட்சி அறிவிப்பு அனுப்பியது. பணி நிற்கவில்லை. வீடுகள் விற்கப்பட்டன, மக்கள் குடியேறினர். ஓசி இல்லாததால் மாநகராட்சியின் முறையான தண்ணீர் இணைப்பு கிடைக்கவில்லை. தண்ணீர் கேட்டு குடியிருப்போரே நீதிமன்றம் சென்றபோதுதான் அனுமதியற்ற மாடிகளின் பிரச்சினை முழு அளவில் வெளிப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரி 27 அன்று குடியிருப்போருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திருத்திய வரைபடங்கள் ஏற்கப்படவில்லை என்பதை வாங்கியவர்கள் அறிந்திருந்தனர் என்பது நீதிமன்றத்தின் கருத்து. அதே ஆண்டு நவம்பரில், இடிப்புப் பணிக்காக மாநகராட்சி ஊழியர்கள் வாயிலில் நின்றபோது, நீதிமன்றம் தானாகவே முன்வந்து அடுத்த ஆண்டு மே மாத இறுதி வரை அவகாசம் அளித்தது. அவகாசம் முடிந்த பின், 2014 ஜூனில் அனுமதியற்ற மாடிகளில் இருந்த சுமார் 100 வீடுகளின் மின்சார, எரிவாயு, தண்ணீர் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அங்கு வசித்தவர்களில் பலர் இளமையில் வாங்கிய வீட்டில் முதுமை அடைந்தவர்கள். அரசியல் கட்சிகள் பலவும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசின. ஆனால் 1980-களில் கேட்டிருக்க வேண்டிய காகிதத்துக்கு அந்த ஆதரவு மாற்றாகவில்லை.

2024 தீர்ப்புக்குப் பின்

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்ட மனையில் கடைகள் கட்டப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று வழங்கிய தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தும் வழிமுறைகளை வகுத்தது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரைக் கொண்ட அமர்வு அதை வழங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர் நீதிபதி மகாதேவன். தார்தேவ் வழக்கில் தலையிட மறுத்ததும் இதே அமர்வுதான்.

ஏற்கப்பட்ட வரைபடம் கட்டுமானம் நடக்கும் இடத்தில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதிகாரிகள் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஆய்வு செய்து பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்றிதழ் அல்லது குடியேறுவதற்கான சான்றிதழைக் காட்டிய பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும். வங்கிகளும் அச்சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும். தவறாகச் சான்றிதழ் வழங்கிய அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். இவை அத்தீர்ப்பின் முக்கிய அம்சங்கள். இவற்றுள் மின் இணைப்பு பற்றிய வழிமுறையே வாங்குவோரை விரைவில் தொடுவது. ஓசி இல்லாமல் குடியேறி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கத்துக்கு மின் மீட்டரே தடையாகிவிடுகிறது.

அனுமதியின்றிக் கட்டுவதைக் காகிதக் குற்றமாக மட்டும் கருத முடியாது என்பதற்கு மும்பைப் பெருநகரப் பகுதியே சான்று. தாணே அருகே மும்ப்ராவில் அனுமதியின்றி எழுப்பப்பட்ட ஏழு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 4 அன்று இடிந்து விழுந்ததில் 74 பேர் உயிரிழந்தனர்.

சரிபார்ப்பது எப்படி?

கட்டட விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அமைந்த மகாரெரா, 2017 மே 1 முதல் செயல்படுகிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மேலும், வீடுகள் எட்டுக்கு மேலும் உள்ள திட்டங்கள் அதில் பதிவு பெறாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ முடியாது. பதிவுக்குப் பணி தொடக்கச் சான்றிதழ் கட்டாயம். திட்டத்தின் பதிவு எண்ணைக் கொண்டு மகாரெரா இணையதளத்தில் தேடினால், பதிவேற்றப்பட்ட அனுமதி ஆவணங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி.

எனினும் மகாரெரா பதிவு மட்டும் போதாது என்பதைக் கல்யாண்-டோம்பிவலி நிகழ்வு காட்டியது. அங்கு 65 கட்டடங்கள், மாநகராட்சி வழங்கியதாகக் காட்டப்பட்ட போலிச் சான்றிதழ்களைக் கொண்டு மகாரெரா பதிவு பெற்றிருந்தன. பதிவைப் பார்த்து வங்கிகள் கடன் கொடுத்தன. வங்கிக் கடனைப் பார்த்து மக்கள் வாங்கினர். அக்கட்டடங்களை இடிக்குமாறு உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. ஒருவர் சரிபார்த்திருப்பார் என்று மற்றொருவர் நம்பிய சங்கிலியில், சான்றிதழில் உள்ள எண்ணை அதை வழங்கிய அலுவலகத்திலேயே கேட்டுப் பார்த்தவர் இல்லை. மும்பையில் மாநகராட்சியின் இணையதளத்தில் கோப்பு எண்ணைக் கொண்டு தேட முடியும். ஐயம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கோரலாம். சில வாரங்கள் தாமதமாகும். கோடிக்கணக்கில் விலை கொடுப்பவருக்கு அது பெரிய தாமதம் அன்று.

சொந்த வீட்டுக்குள் சுவர் எடுப்பது

அனுமதி என்பது புதிய கட்டடத்துக்கு மட்டும் உரியது என்று கருதி, வாங்கிய வீட்டுக்குள் விருப்பம்போல் மாற்றம் செய்வோரும் உண்டு. மாநகராட்சிச் சட்டத்தின் 342-ஆவது பிரிவு சில பணிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. சுவருக்குப் பூச்சு, வண்ணம், தரை ஓடு மாற்றுதல், குளியலறை-கழிப்பறைப் பழுது நீக்கம், குழாய், மின்சாதனங்களை மாற்றுதல், அதே பொருளைக் கொண்டு கூரையைப் புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு அறிவிப்புத் தேவையில்லை. தூண், உத்தரம், தாங்கு சுவர் ஆகியவற்றைத் தொடும் எந்த வேலைக்கும் இந்த விலக்கு பொருந்தாது. வீட்டு வசதிச் சங்கம் தரும் சம்மதக் கடிதம் சங்கத்தின் சம்மதம் மட்டுமே. மாநகராட்சி அனுமதிக்கு அது ஈடாகாது.

மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் மாற்றப் பணிக்காகத் தூண்கள் சேதப்படுத்தப்பட்டதே காரணம் என்பது குற்றச்சாட்டு. மேல்மாடிகளில் இருந்தவர்கள் அந்தப் பணிக்கு அனுமதி உண்டா என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்க உரிமை பெற்றிருந்தவர்கள். அனுமதியற்ற கட்டுமானம் குறித்த புகார்களை ஒவ்வொரு வார்டிலும் உள்ள கட்டடம் மற்றும் தொழிற்சாலைப் பிரிவு பெற்றுக்கொள்கிறது. நடந்துகொண்டிருக்கும் பணியை நிறுத்த உத்தரவிடும் அதிகாரம் 354-ஏ பிரிவின்கீழ் மாநகராட்சிக்கு உண்டு.